குட்டி ஈன்ற குதிரைக்குச் சேணம் பூட்டிய சனிக்கிழமை

என் பெயர் காவல் நிலையப் பதிவேட்டில் எழுதியுள்ளபடி. லாயத்தில் சின்னவர் பெரியவர் எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தேழு. குதிரையேற்றப் பயிற்சிக் கூடத்தில் இருபத்தாறு வருடமாகக் குதிரைகளைப் பராமரிக்கிறேன். கூடத்தின் பின்வாசலுக்கு எதிர்ச் சந்தில், மாடி அறையில் குடியிருக்கிறேன். கணவர் இல்லை. ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இதற்கு முன் என் மேல் எந்தப் புகாரும் கிடையாது. நான் சொல்வதை உதவி ஆய்வாளர் அம்மா எழுதிக்கொள்கிறார்.

கடந்த சனிக்கிழமை காலை பத்தேகால் மணி அளவில் எங்கள் கூடத்தின் மேலாளரை நான் அறைந்தது உண்மை. அவர் முதலாளியின் மாப்பிள்ளை. புகாரில் தோல் வாரால் மூன்று முறை அடித்ததாக எழுதியிருக்கிறார். அது பொய். வெறுங்கையால், ஒரே ஒரு முறை, இடது கன்னத்தில் அறைந்தேன். இரண்டாவதற்கும் கையை ஓங்கினேன், கூட வேலை செய்கிறவர் பிடித்துக்கொண்டார். செம்பி என்ற பெண்குதிரை அவரைக் கீழே தள்ளித் தோளில் கடித்ததாகவும் எழுதியிருக்கிறார். அது பச்சைப் பொய். அது ஏன் பொய் என்று சொல்லத்தான் இந்த வாக்குமூலம், அறைந்ததைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு வரி போதும்.

செம்பியை ஒன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பத்து வாரத்துக்கு முன் அவள் பெண்குட்டி ஈன்றாள். ஈன்ற குதிரையின் மேல் மறுபடி ஏறுவதென்றால் அதற்கு முறை இருக்கிறது. முதல் மாதம் முதுகில் துணிகூடப் போடாமல் வெளியில் மேயவிட்டேன். அதன் பிறகு குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையில் பிடித்தே நடத்தினேன். எட்டாவது வாரத்தில்தான் சேணம் வைத்து, நானே ஏறி, வெறும் நடையாகக் கால் மணி நேரம், அதுவும் குட்டி வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணில் படுகிற மாதிரி நிற்கும்போது. முதுகு குழிந்து போயிருந்தது, வயிற்றில் இறுக்கமே இல்லை. மடியில் பால் இருக்கிற உடம்பு அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் குட்டியைப் பிரித்தால் மடி கட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் மேலாளரிடம் ஒரு முறை அல்ல, நாலு முறை சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலக அறையில் வைத்து, "நாளைக்கு என் ஃபிரண்ட்ஸ் வர்றாங்க, செம்பியத் தயார் பண்ணுங்க" என்றார். "இன்னும் ஒன்றரை மாசம் பொறுங்க சார், அவ உடம்பு தேறல" என்றேன். "ஏன், அதுக்குப் பிரசவ லீவு குடுத்திருக்கமா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் இதே கூடத்தில் வேலைக்கு நின்றவள்தான், பால் கட்டி ரவிக்கை நனைந்து தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதிருக்கிறேன். இது வழக்குக்குத் தேவையா என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். எனக்குத் தேவை, எழுதுங்கள் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நொண்டுகிற கிழட்டுக் குதிரை ஒன்றை லாடம் அடிக்கிறவரிடம் கூட்டிப்போகச் சொல்லி மேலாளர் என்னை அனுப்பினார். அந்த லாடக்காரர் வழக்கமாக எங்கள் லாயத்துக்கே வருகிறவர். ஏன் இன்று நான் போக வேண்டும் என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. என்னை அப்புறப்படுத்தத்தான் அனுப்பியிருக்கிறார்.

நான் போன பிறகு நடந்ததை, கூட வேலை செய்கிற 'கண்ணாடி' சொல்லித் தெரிந்துகொண்டேன். தடித்த கண்ணாடி போட்டவர், ஐம்பது வயது, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். மேலாளர் சொன்னபடி அவர்தான் ஏழரை மணிக்குக் குட்டியைத் தீவனக் கிடங்கில் அடைத்திருக்கிறார். தாய்க்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று உள்ளே பெரிய மின்விசிறியையும் ரேடியோவையும் ஓடவிடச் சொன்னாராம் அந்தப் புத்திசாலி. அதன் பிறகு மேலாளர் தன் கையாலேயே செம்பிக்குச் சேணம் பூட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் என் மேல் ஒரு குற்றம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். எங்கள் லாயத்தில் ஒவ்வொரு குதிரையின் வாசலிலும் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வாரை எத்தனையாவது துளையில் மாட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். செம்பியின் பலகையில் 'இரண்டு' என்று இருந்தது. அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது நான் எழுதியது. ஈன்ற பிறகு வயிறு வற்றி அஞ்சாவது துளைக்கு வந்துவிட்டாள். வாரத்துக்கு வாரம் மாறியதால் நான் பலகையைப் பார்க்காமல் கையால் தடவிப் பார்த்துத்தான் பூட்டினேன். பழைய எண்ணை அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. என்னைத் தவிர யார் பூட்டப் போகிறார்கள் என்ற நினைப்பு. அவரை விழவைக்க வேண்டுமென்றே தப்பாக எழுதி வைத்தேன் என்று புகாரில் இருக்கிறது. மாதக்கணக்கில் திட்டம் போட்டுக் காத்திருக்கிற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் பலகையைப் படித்தவர் வாருக்குள் நாலு விரலை விட்டுப் பார்த்திருந்தால் சேணம் தொளதொளவென்று இருப்பது தெரிந்திருக்கும். குதிரை ஏறப் படிக்க வருகிறவர்களுக்கு நாங்கள் முதல் நாள் சொல்லித் தருவது அதைத்தான்.

ஏணிப்படி போட்டு ஏறியதால் ஏறும்போது சேணம் திரும்பவில்லை. அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நண்பர்கள் முன்னால் அவளை ஓட்டியிருக்கிறார். கிடங்குப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் நின்றிருக்கிறாள், அவர் ஒவ்வொரு முறையும் சாட்டையை எடுத்திருக்கிறார். கண்ணாடி பொறுக்க முடியாமல் ஒன்பதே முக்காலுக்கு எனக்குப் போன் செய்து, "அக்கா, சீக்கிரம் வாங்கக்கா, என்னால பாக்க முடியல" என்றார். நான் வருவதற்குள் ஒரு வளைவில் சேணம் வயிற்றுப் பக்கம் சுழன்று, மேலாளர் மரவேலியில் தோள் மோதி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தோளில் இருப்பது வேலிக் கட்டையின் தடம். குதிரை கடித்திருந்தால் சட்டை கிழியாதா? அன்று அவர் கழற்றிப் போட்ட நீலச் சட்டையைக் கண்ணாடி துவைக்கப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறார், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வாங்கிப் பாருங்கள்.

நான் உள்ளே வந்தபோது செம்பி தலைகீழாகத் தொங்கும் சேணத்தோடு கிடங்குக் கதவை முட்டிக்கொண்டு நின்றாள். பின்னங்கால் இரண்டிலும் பால் வழிந்து குளம்புவரை வந்திருந்தது. முதலில் சேணத்தை அவிழ்த்தேன். அதன் பிறகு கதவைத் திறந்தேன். கதவில் தேய்த்துத் தேய்த்துக் குட்டியின் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அது ஓடிவந்து மடியில் வாய் வைத்தது, வலி தாங்காமல் செம்பி முதலில் விலகினாள், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுகொடுத்தாள். தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மேலாளர் அதைப் பார்த்து, "இந்தப் பைத்தியத்த ஊசி போட்டுக் கொன்னுடணும், குட்டிய எவனாவது புட்டிப்பால் குடுத்து வளக்கட்டும்" என்றார். அப்போதுதான் நான் அவரிடம் நடந்து போய் அறைந்தேன்.

நேற்று மதியம் மேலாளரின் மனைவி, அதாவது முதலாளியின் மகள், என் அறைக்கு வந்தார். "அக்கா, செம்பி உங்களையும் முன்னாடி கடிச்சிருக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நாங்க புகாரத் திருப்பி வாங்கிக்கறோம், வேலையும் போகாது" என்றார். செம்பிக்கு ஊசி போடுவதா என்று முடிவு செய்யக் கால்நடை மருத்துவர் நாளை மறுநாள் வருகிறார். பராமரிப்பவர் சொல்லாமல் குதிரையை ஆபத்தானது என்று எழுத மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். என் ஒரு கையெழுத்தில்தான் செம்பியின் உயிர் நிற்கிறது. "காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். ஒன்பது வருடத்தில் செம்பி ஒரே ஒரு முறை என் கால்விரலை மிதித்திருக்கிறாள், அது நான் காலை எடுக்காததால். ஒருவரையும் கடித்ததில்லை.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். நான் அறைந்த இடத்தில் 'ஆத்திரத்தில் தன்னை மறந்து' என்று எழுதியிருந்தார். அப்படி இருந்தால் தண்டனை குறையும் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அந்தச் சொற்களை அடித்துவிடச் சொன்னேன். தன்னை மறந்தவள் என்று ஆகிவிட்டால் குதிரையைப் பற்றிச் சொன்னதையும் தன்னை மறந்து சொன்னாள் என்று ஆக்கிவிடுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, ஆத்திரத்தோடு, முழு நினைவோடு அறைந்தேன் என்று எழுதப்பட்டது, அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

மேலே உள்ளதில் ஒரு சொல்லும் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, எல்லாம் நடந்தபடி நான் சொன்னது, கேட்டுச் சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)