ராசி வண்டி

இல்ல சார், அந்த ஷட்டர் கிட்ட நிக்காதீங்க, வெயில்ல தகரம் கொதிக்கும். இப்பிடி வேப்ப மரத்தடிக்கு வாங்க, சேர் போட்டிருக்கேன். ஹரிஹரன்னுதானே ஃபோன்ல சொன்னீங்க? ஆங். திருப்பதி போய்ட்டு நேரா வரீங்களா, மொட்டைத் தலைல சந்தனம் இன்னும் காயவே இல்ல. கொஞ்சம் சத்தமா பேசுங்க, உள்ள நாலு பவர்லூமு ஓடிகினு இருக்குது. எனக்குப் பழகிப்போச்சு. நிறுத்துனாதான் காது அடைச்ச மாதிரி இருக்கும்.

வண்டி ஷெட்டுக்குள்ளதான் இருக்குது, எங்க போவப்போவுது. சாவி வூட்டம்மா கிட்ட இருக்குது. ஹேமாவதின்னு பேரு. நம்ப திருத்தணி மலைக்குப் போயிருக்கா, இன்னிக்குக் கிருத்திகை இல்லீங்களா. கும்பலு ஜாஸ்தியா இருக்கும். எப்போ வருவாளோ. நீங்க மோர் குடிங்க.

நீங்க கோவிச்சிக்கறது நியாயம்தான். ஃபாரம் பூர்த்தி பண்ணி, ஃபோட்டோ பதினாறு அனுப்பி, ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல உங்க பழைய கார் ஷோவுக்கு வரோம்னு சொல்லிட்டு, போன வாரம் ஃபோன் பண்ணி வரலன்னா யாருக்குதான் எரிச்சல் வராது. அம்பத்தெட்டாம் வருஷத்து ஃபியட்டு, எஞ்சின் மாத்தாதது, இந்தப் பக்கத்துல வேற கிடையாது, தெரியும். நீங்க எடம் ஒதுக்கி பேரும் போட்டுட்டீங்க. ஆனா வர முடியாது சார். அன்னிக்கு முகூர்த்தம்.

எங்க வூட்டு முகூர்த்தம் இல்ல. துளசிங்கம்னு ஒருத்தரு, அரக்கோணம் ரோட்டுல டைல்ஸ் கடை வச்சிருக்காரு. அவரு பையனுக்குக் கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, ஞாயித்துக்கிழமை தாலி கட்டன கையோட பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திகினு மலைக்குப் போவணும். ரெண்டுக்கும் நம்ப வண்டிதான். புது காரு ரெண்டு நிக்குது அவரு வூட்டு வாசல்ல. அது வேணாமாம், இதுதான் வேணுமாம். இன்னா பண்றது, ராசியான வண்டின்னு பேரு வாங்கிடுச்சு.

சிரிக்காதீங்க சார், நானும் ஒரு காலத்துல சிரிச்சவன்தான். திருவாலங்காட்டுல ஒரு ரைஸ் மில்லு கொடோன்ல கிடந்தது இந்த வண்டி. பின் சீட்டுல கோழி அடை காத்துகினு இருந்துச்சு. டிராக்டர்ல கயிறு கட்டி இஸ்துகினு வந்தேன். தெருவே வந்து நின்னு பாத்துச்சு, பரந்தாமனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு. எனக்கு வேற ஒண்ணும் இல்ல சார், அந்த முன் கதவு. கீல் பின்னாடி இருக்கும், கதவு எதிர்ப்பக்கமா தொறக்கும். அதப் பாத்து வுழுந்துட்டேன். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் இந்தத் தறி ஒரே தாளத்துல அடிச்சிகினு இருக்குது, அந்த மாதிரி ஒரு ஆளுக்கு, எதிர்ப்பக்கமா தொறக்கற கதவு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும் இல்ல?

எட்டு வருஷம் ஆச்சு முடிக்க. நானும் என் பொண்ணும். யுவஸ்ரீ. அப்போ ஒம்பதாவது படிச்சிகினு இருந்தா. எங்கியோ தேடி அந்த வண்டியோட மேனுவல எடுத்தா, முழுக்க இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் மட்டு. அவ படிச்சுச் சொல்லுவா, நான் ஸ்பேனர் புடிப்பேன். ரெண்டு வருஷம் அப்பிடிப் போச்சு. அப்பால அவ ஸ்பேனர் புடிச்சா, நான் லைட்டு புடிச்சேன். அவ திட்டுவா, நான் வாங்கிக்குவேன். ஒரு நாள் கார்புரேட்டர் ஜெட்டு அடைச்சிருந்துச்சு, நான் கம்பிய வுட்டுக் குத்தப் போனேன். கைல ஒரு தட்டு தட்டுனா. கம்பி வுட்டா ஓட்டை பெருசாயிடும் நைனா, பாவு நூல வுட்டு இழுன்னா. தறிக்காரன் நானு, எனக்குத் தோணல பாருங்க. பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேந்தப்போ, கிளாஸ்ல பொண்ணு அவ ஒருத்திதான்.

ஆங், கல்யாணம் ஆயிடுச்சு. பெங்களூர்ல இருக்கா. ரெண்டரை வருஷம் ஆச்சு. நல்லா இருக்கா.

அந்தக் கல்யாணத்துலதான் இந்த வினையே ஆரம்பிச்சுது. அப்போதான் பெயின்ட் அடிச்சு முடிச்சிருந்தோம், பழைய கலரு, வெளிர் பச்சை. மொத ஓட்டமே அவ கல்யாணத்துக்குத்தான் ஓடுச்சு. அதப் பாத்துட்டு எங்க தெருவுல புஷ்பலதான்னு ஒரு பொண்ணு, ஆறு வருஷமா வரன் தட்டிகினே போச்சு அதுக்கு, அவங்க வூட்டுல வந்து வண்டி கேட்டாங்க. குடுத்தேன். பத்தாவது மாசம் கொழந்தை பொறந்துடுச்சு. அடுத்தவங்க கேட்டாங்க, அதுக்கும் அப்பிடியே. மூணாவது ஜோடிக்கு ரெட்டைப் புள்ள. அவ்ளோதான். மண்டபத்துக்காரன் வண்டி ஃபோட்டோவ ஆல்பத்துல ஒட்டிகினான். சாமியே வந்து வள்ளியக் கட்டிகினு உக்காந்த ஊரு சார் இது, முகூர்த்தத்துக்கா பஞ்சம்? மலைல ஒரே நாள்ல எத்தினி தாலி ஏறுதுன்னு எனக்கே கணக்கு தெரியாது.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வண்டி பட்ற பாடு இருக்குதே. பானெட்டுல மஞ்ச குங்குமம் அப்புவாங்க. பூவ டேப்பு போட்டு ஒட்டி, பிரிக்கும்போது பெயின்ட்டோட உரிச்சிகினு வரும். பம்பர்ல தேங்கா ஒடைப்பான் ஒருத்தன், குரோமு நசுங்கிடும். மாப்பிள்ளைங்க ஒருத்தனுக்குக் கூட அந்தக் கதவு தொறக்கத் தெரியாது, வழக்கம் போல இழுப்பான், கைப்பிடி கைல வந்துடும். நீங்க ஷோவுல ஒரு ஸ்க்ரூ மாறிப்போனாலே மார்க்கு கொறைப்பீங்கன்றாங்க. எங்க ஊரு மாப்பிள்ளைங்களப் பாத்தா இன்னா கொறைப்பீங்களோ.

முடியாதுன்னு சொல்லிடலாமே, அப்பிடின்றீங்க. சொல்லிப் பாத்தேன் சார். போன ஆவணில ஒரு தடவ, கிளட்ச் பிளேட்டு போய்டுச்சின்னேன். சாயங்காலத்துக்குள்ள மூணு பேரு வூட்டுக்கு வந்துட்டாங்க. கிளட்ச்ச விசாரிக்க இல்ல. குப்பம்மான்னு எதிர் வூட்டுக்காரி, நேரா அடுப்பாங்கரைக்கே வந்து ஹேமாவதியக் கேக்கறா, வூட்டுல எல்லாம் சொகந்தானா, பெங்களூர்ல பொண்ணு சொகந்தானா, ஏன் ஆடிக்கு வரலன்னு. நல்ல காரியத்துக்கு ஒண்ணு கேட்டு இல்லன்னு சொன்னா, எங்க ஊர்ல காரணத்த வண்டில தேட மாட்டாங்க சார், வூட்டுலதான் தேடுவாங்க. மறுநாளே வண்டிய எடுத்துகினு போய் மண்டபத்து வாசல்ல நிறுத்திட்டேன். அன்னிலேர்ந்து யாருக்கும் இல்லன்னு சொல்றதில்ல. வேண்டாம்ன்ற வார்த்தையே மறந்துபோச்சு.

ஃபாரமா? நான்தான் பூர்த்தி பண்ணேன்.

ஆங், இங்கிலீஷ் மட்டுன்னு சொன்னேன். சொன்னேன் இல்ல. அது வந்து, பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து... ஃபோன்ல வச்சிருக்கீங்களா? காட்டுங்க. இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

இது இன்னா சார் இந்த எடத்துல? வண்டிய சரி பண்ணவங்க பேரா. யுவஸ்ரீ. ஆமா, தமிழ்லயும் எழுதியிருக்கா. இது? ஓட்டிகினு வரவங்க பேரு. இதுலயும் அவளேதானா. விலாசம் இந்த வூடு. திருத்தணின்னே போட்டிருக்கா.

எனக்குத் தெரியாது சார். சத்தியமா தெரியாது. ஃபாரம் அவ அனுப்பிச்சான்னு மட்டும்தான் தெரியும், அதுவும் உங்க ஆபீஸ்லேர்ந்து ஃபோன் வந்தப்போதான். அப்பால நானே ஃபோன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன், அவள ஒரு வார்த்தை கேக்கல.

உங்க பாட்டில்ல தண்ணி இருந்தா குடுங்க.

பெங்களூர்ல இல்ல சார் அவ. எட்டு மாசமா இங்கதான் இருக்கா. ஹேமாவதியும் மலைக்குப் போவல, உள்ள தறில நிக்கறா. சாவி இதோ என் இடுப்புலதான் இருக்குது. ஒரு மணி நேரமா உங்களுக்குக் கதை சொல்லிகினு இருக்கேன், வெறும் பொய்யி.

அவளக் கட்டிகின பையன் குடிக்கறவன் இல்ல, அடிக்கறவனும் இல்ல. நல்ல வேல. காலைல வேலைக்குப் போவும்போது வெளில பூட்டிகினு சாவிய எடுத்துகினு போய்டுவான், அவ்ளோதான். பத்திரத்துக்காம். மொத மாசம் இவ எங்களுக்கு ஃபோன் பண்ணி சொன்னா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா, பெரிய ஊரு, பயந்துகினு பண்றாரும்மா, போவப்போவ சரியாயிடும்னு சொன்னேன். பத்துப் பதினஞ்சு தடவ சொல்லியிருப்பேன் அதையே. அப்பால அவ சொல்றத நிறுத்திட்டா. சரியாயிடுச்சின்னு நெனச்சிகினேன். பாவி நானு.

ஒண்ணே முக்கால் வருஷம் இருந்தா. ஒரு நாள் உள்பக்கம் இருந்தே அந்தப் பூட்டக் கழட்டிட்டா. ஸ்க்ரூ டிரைவர் கூட கிடையாது, காய் நறுக்கற கத்தி முனைல. மெக்கானிக்கு ஆச்சே அவ. கழட்டுன ஸ்க்ரூவெல்லாம் ஒரு பேப்பர்ல மடிச்சு மேசை மேல வச்சிட்டு, பஸ்ஸேறி விடிகாலைல வந்து எறங்குனா. கைல ஒரு பை கூட இல்ல.

ஒரு வாரம் போவட்டும், சொல்லிக்கலாம்னுதான் நெனச்சோம். அந்த வாரமே ரெண்டு கல்யாணத்துக்கு வண்டி கேட்டு வந்துட்டாங்க. எப்பிடி சார் சொல்றது? இந்த வண்டில மொத மொத ஏறிப் போன பொண்ணே திரும்பி வந்துட்டான்னா, அப்பால ஏறிப் போனதுங்கல்லாம்? ஏறுன ஜோடில ஒண்ணுக்கு சண்டை வந்தாலும் எங்க வூட்டுல வந்துதான் நிப்பாங்க. இவள இன்னா பேசுவாங்க? யாராவது வரும்போது ஷெட்டுக்குள்ள போயிரும்மான்னேன். சும்மா பத்து நிமிஷத்துக்கு. வெளில பூட்டு போட்டாதான் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்கன்னு பூட்டுனேன்.

அப்பிடித்தான் ஆரம்பிச்சுது. இப்போ வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா அவளே எழுந்து போறா. நான் சொல்றதே இல்ல. பின்னாடியே போய்ப் பூட்டறேன். அங்க அவன் பூட்டுனான், இங்க நான் பூட்டறேன். நைனான்னு ஒரு பேரு வேற எனக்கு.

நீங்க ஃபோட்டோல பாத்து மயங்கினீங்களே, அந்தப் பளபளப்பு, அது எல்லாம் இந்த எட்டு மாசத்துல அவ உள்ள உக்காந்து பண்ணது. கல்யாணத்துல ஒடைச்சிகினு வருவோம், அவ ஒட்டுவா. நசுக்கிகினு வருவோம், அவ நிமுத்துவா. எஞ்சின ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்னா தறி நாலும் ஓடற நேரம் பாத்துப் பண்ணுவா, தெருவுக்குக் கேக்கக் கூடாது இல்ல. யாரு கல்யாணத்துக்கோ பூ சுத்துன வண்டிய வெளில அனுப்பிட்டு, வெறும் ஷெட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பா.

போன வாரம், வரலன்னு உங்களுக்கு ஃபோன் பண்ணேன் இல்ல, அன்னிக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசுனா. அழல, கத்தல. அங்க கழட்டுன மாதிரி இதையும் கழட்ட எனக்கு அஞ்சு நிமிஷம் ஆவாது நைனா. நான் கழட்ட மாட்டேன். இத நீதான் தொறக்கணும். அவ்ளோதான் சொன்னா. அதுக்கப்பறம் எங்கிட்ட பேச்சு கிடையாது. சாப்பாட்டுத் தட்ட நான் வச்சா எடுக்கறதில்ல, ஹேமாவதி வச்சாதான் எடுக்கறா.

வண்டியக் காட்டுங்க, காட்டுங்கன்னு நீங்க வந்ததுலேர்ந்து கேக்கறீங்க. வண்டிய மட்டும் எப்பிடி சார் காட்றது?

ஆமா, இப்பவும் உள்ளதான் இருக்கா. உங்க காரு சத்தம் கேட்டதும் போய்ட்டா, நான்தான் பூட்டுனேன். துளசிங்கத்துக்கு இன்னா பதில் சொல்றதுன்னு தெரியல. எதிர் வூட்டு குப்பம்மா இந்நேரம் ஜன்னல்லதான் நிக்கும். இருக்கட்டும், சாவிய எடுத்துட்டேன் பாருங்க.

எழுந்திரிங்க சார். செருப்பு போட்டுகினே வாங்க, கீழ சூடு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கட்டிக் குடுத்த பொண்ணு அம்மா வூட்டு வாசல்ல நின்னா, எங்க ஊர்ல எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். எப்போமா வந்தே, எப்போ போறே. அத மட்டும் கேட்டுடாதீங்க அவள. ஞாயித்துக்கிழமை ஷோவுக்கு எத்தினி மணிக்கு வண்டிய எடுக்கறேம்மான்னு கேளுங்க. நான் கேட்டா சொல்ல மாட்டா.