ஏழு நாள் செல்லும்

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் முதலில் காபி, பிறகு போன். கலைவாணி அதை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டுவாள். நான் லேப்டாப்பில் செருகி, அதிலிருந்த ஒரு ஆப்பைப் புதுப்பித்துக் கொடுப்பேன். மூன்று வருடம் அப்படித்தான் போனது.

அந்த ஆப்பைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும், ஐயா. என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் ஊசி, போட்டதும் சாப்பிட்டாக வேண்டும். சர்க்கரை இறங்கினால் அவள் உடம்பு அவளுக்குச் சொல்லாது. பேசிக்கொண்டே இருப்பாள், மயங்கிவிடுவாள். கையில் ஒட்டிய கருவி போனுக்குத் தகவல் அனுப்பும். அதனுடன் வந்த ஆப்பின் சத்தம் எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்துக்குப் போதவில்லை. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு தறி, இந்தப் பக்கம் ஒன்று. வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த வேறொரு ஆப், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறும். அவள் போனோ, போன் நிறுவனத்தின் ஆப் கடையில் இல்லாத எதையும் உள்ளே விடாத வகை. நான் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். ஒரு வாரம் உட்கார்ந்து, என் பெயரில் பதிந்து, பழையதை எடுத்துவிட்டு அதை உள்ளே ஏற்றினேன். அப்படி ஏற்றியது ஏழு நாள்தான் செல்லும். எட்டாம் நாள் திறக்காது, அலறாது.

முதல் தடவை, திரையில் என் பெயரைக் காட்டி, இவரை நம்புகிறீர்களா என்று போன் கேட்டது. அவள் சிரித்தாள்.

"வீரபாகுவ நம்பலாமான்னு கேக்குதுங்க. கல்யாணத்தப்ப எங்கூட்ல ஒருத்தரும் கேக்கலியே."

'நம்புகிறேன்' என்பதை அவள் விரலால்தான் தொட்டாள்.

ஆவணியில் ஒரு வெள்ளி, புதுப்பிக்கும்போது, அவள் தன் தம்பி பிரேம்நாத்துக்கு அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "புதுப்பிக்கிறத எனக்கே கத்துக் குடுடா. இவரு இல்லாட்டியும் நான் சமாளிக்கணும். இவருக்குத் தெரிய வேணாம்." அமாவாசை கழித்து ஞாயிறு வருவதாக அவன் பதில் போட்டிருந்தான்.

நான் கோபப்படவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன். தோசை நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். வாராவாரம் ஒருத்தியின் உயிரைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தவனுக்கு, அவள் முதுகுக்குப் பின்னால் மாற்றுச் சாவி செய்கிறாள் என்று தெரிந்தால் எப்படியிருக்கும்? நீங்கள் மணமானவர் என்றால் புரியும்.

அடுத்த வெள்ளி அமாவாசை. அன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். லேப்டாப்பும் தறிதான் என்பது கலைவாணியின் கட்சி. ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைப்பாள். முன்பெல்லாம் வெள்ளியில் அமாவாசை வந்தால் வியாழனே புதுப்பித்துவிடுவேன். இந்த முறை செய்யவில்லை.

"நேத்தே பண்ணிருக்கணுமில்ல? நாளைக்கி வரிக்கும் ஓடுமாங்க?"

"ஓடும்" என்றேன்.

அன்று காலை எட்டு மணியோடு முடிந்துவிட்ட ஏழு நாள் கணக்கு அவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை என்றுதான் தெரியும். அலறாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் தெரியும். அதை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

நண்பகலில், "ஊசி போட்டுக்கினேங்க. காக்கா எடுத்ததும் எல போட்டுடறேன்" என்றாள். குளத்துக்குப் போய் வருகிறேன், சேர்ந்து சாப்பிடலாம் என்றேன். நான் வராமல் அவள் இலையில் உட்கார மாட்டாள். சர்வதீர்த்தக் குளத்துப் படியில் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகலாம் என்று ஒரு தடவை தோன்றியது.

வீட்டில் இரண்டு இலை போட்டிருந்தது. தன் இலைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. பழைய ஆப்பின் சின்னச் சத்தம்கூட அன்று கேட்டிருக்கும்.

பதினாறாம் நாள் பிரேம்நாத் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

"சூரத்ல உங்களுக்கு ரெண்டு மாச ட்ரெய்னிங் வந்துச்சாமே மாமா. என்னாலதான் மனுஷன் போவாம கெடக்குறாருன்னு அக்கா பொலம்பிக்கினே இருந்துச்சு. அதான் கத்துக்கணும்னுச்சு."

இறந்தவளை விட்டுக்கொடுக்காமல் பேசுவது தம்பியின் கடமை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன் ஏன் அலறவில்லை என்று கேட்டு அவன் உங்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறான். பதில் எழுதிவிட்டேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. கலைவாணியின் போனையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். வெள்ளி காலை எட்டு மணிக்குள் யாராவது அதைப் புதுப்பிக்க வேண்டும். அவள் போன பிறகு ஒரு வாரம்கூட நான் தவறவிட்டதில்லை.