குளிர் ஆகாத பிள்ளை

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஆகாது. குளிக்க வெந்நீர் விளாவி வைப்பது முதல் பால் ஆற்றிக் கொடுப்பது வரை எல்லாம் நான்தான். அம்மா போன பிறகு அவனுக்கு அம்மாவும் நான்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அவன் அளவுகளைத் திருத்திப் பொய்யாகக் காட்டிவிட்டான் என்று உங்கள் விசாரணைக் குழுவில் பேசிக்கொள்கிறார்களாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவனுக்குப் பொய் சொல்லவே வராது, சொன்னால் காது சிவந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தத் திறமை என் பங்குக்கு வந்தது.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடம். அவன் ஆராய்ச்சியாளன், நான் காந்த அளவீட்டு இயந்திரத்துக்குப் பொறுப்பு. இரும்பு கலந்த படிகம் ஒன்றை வளர்த்திருந்தான், மிளகு அளவுதான் இருக்கும். நன்றாகக் குளிர்வித்தால் அதற்குள் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொள்ளும், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். ஜோடியில் இரண்டும் எதிரெதிராக நின்றால் ஒன்றின் காந்தத்தை மற்றது தின்றுவிடும். இயந்திரத்தின் திரையில் காந்த அளவைக் காட்டும் கோடு இறங்கும். ஒரே பக்கம் பார்த்து நின்றால் இறங்காது. இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதைச் சுத்தமாக அளந்து காட்டினால் போதும், கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. கல்யாணம் பேசி வைத்திருந்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தான்.

"நீ தனியா இருந்துப்பியாக்கா?" என்று கேட்டான். அதுவும் பயணப் பெட்டி வாங்கி வந்த பிறகு.

"எனக்கென்னடா, ராணி மாதிரி இருப்பேன்" என்றேன். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

நான் செய்தது சின்ன வேலை. இயந்திரம் ரேடியோ அலையால் படிகத்தை லேசாகத் தட்டித்தான் பதில் வாங்கும். பலமாகத் தட்டினால் படிகம் சூடாகிவிடும், ஜோடிகள் பிரிந்துவிடும், கோடும் இறங்காது. வெப்பமானி சற்றுத் தள்ளி இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது, குளிர் குளிர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். தட்டும் பலத்தைக் கூட்டும் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். கோடு ஆடாமல் அசையாமல் நின்றது.

சோர்ந்துபோவான், பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். பயல் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

"இறங்கவே இல்லக்கா! இந்த மாதிரி ஜோடிய யாருமே பாத்ததில்ல! ஆமா, தட்டுறது சரியான பலத்துலதான வச்சிருக்க?"

கேட்கத் தெரிந்தவன்தான். எழுந்து போய்ப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"எப்பவும் வைக்கிற மாதிரிதான்டா. போ, ஊருக்கெல்லாம் சொல்லு."

சொன்னான். மேடை ஏறிச் சொன்னான். பிறகு வேறு இடங்களில் மெதுவாகத் தட்டிப் பார்த்தார்கள். கோடு சமர்த்தாக இறங்கியது. வேலை கை நழுவிப் போயிற்று. அந்தப் பெண்ணும் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எத்தனையோ ஜோடியைப் பிரித்தாயிற்று, இது ஒன்று பெரிதா என்று விட்டுவிட்டேன்.

அதிலிருந்து அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஊட்டிவிடாத குறையாக நான்தான் சாப்பிட வைக்கிறேன். ஒரு சாயங்காலம் மொட்டைமாடிச் சுவர்மேல் ஏறி நின்றான். கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தேன். இப்போது மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டாயிற்று, சாவி என் இடுப்பில் இருக்கிறது. வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?

அதனால் அவன் ஏமாற்றுக்காரன் இல்லை என்று எழுதுங்கள். அசடு என்று எழுதினால் போதும். அசட்டுக்கு யாரும் கடல் தாண்டி வேலை தரமாட்டார்கள். நான் சொன்னதை அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டான். நேற்றுத்தான் தாடியை எடுத்துவிட்டு, மீந்திருந்த இன்னொரு படிகத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"உன்னத் தவிர யாரையும் நம்பலக்கா. நீயே இன்னொரு வாட்டி அளந்து குடு."

காலையில் அதை இயந்திரத்தில் ஏற்றிவிட்டுத்தான் இங்கே வந்தேன். பாவம், குளிர் ஆகாத பிள்ளை. கொஞ்சம் சூடாகத்தான் வைத்திருக்கிறேன்.