ஆட்டுக்கொட்டிலுக்கு ஒரு நாய்

— ரெண்டுல ஒண்டச் சொல்லு ஸுலைஹா. நாளைக்கி வெள்ளன எனக்கு அம்பாறைக்கிப் போகணும். இஞ்சினியர்ட அல்சேஷனா, டீச்சர்ட வெள்ளக் குட்டியா?

— நாயே வேணாமெண்டு முந்தாநாளும் சொன்னன். நேத்தும் சொன்னன்.

— அது பதிலில்ல புள்ள. ரெண்டு கிழமைக்குள்ள ரெண்டு ஆடு போயிரிக்கி. சூறாவளியில விழுந்த வேலிய நாலு மாசமாகியும் நிமித்தல்ல. நான் பள்ளிக்குப் போற நேரம் பாத்து எவனோ ஒருத்தன் வளவுக்குள்ள வந்து போறான். சுபஹு தொழுதுட்டு வந்தா கொட்டில்ல ஒரு தல குறைவு.

— நாய் இரிக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க.

— ஆடு மாட்டுக் காவலுக்கு வெச்சிருக்கலாம். பள்ளி லெப்பைக்கிட்டக் கேட்டுட்டுத்தான் கதைக்கிறன். வீட்டுக்குள்ள ஆரு உடப்போற? கொட்டிலடியிலதான் கட்டுற.

— சட்டி பானையில வாய வெச்சா ஏழு தரம் கழுவணும். நீங்க கடையில சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டு இருப்பீங்க. தண்ணி அள்ளுற நான். எனக்குக் களைச்சிப்போச்சி.

— சொல்றத்தக் கேளு. அம்பாறை இஞ்சினியர் ஐயா கொழும்புக்கு மாறிப் போறார். அவர்ட மோட்டசைக்கிள நான்தானே பாக்கிற. "கலந்தர், இத உனக்குத்தான் தருவன்" எண்டுட்டார். கண்டுக்குட்டி மாதிரி நிக்கிது. ரெண்டு காதும் நிமிந்து. வீணாச் சத்தம் போடாது. ஆள் உள்ளுக்கு வரும் வரைக்கும் பாத்துக்கிட்டு இரிக்கும். மறுகா ஒரே பாய்ச்சல்.

— என்ன தின்னும்?

— இறைச்சி. ஒரு நாளைக்கி ஒரு றாத்தல்.

— நல்லம். நம்மட புள்ளைகள் இறைச்சியக் கண்டது ஹஜ்ஜுப் பெருநாளைக்கி. அதுகளையும் கொட்டிலடியில கட்டிட்டா ஒண்டாத் தின்னுங்கள்.

— பகிடி உடாத. இன்னொண்டு, அதுக்கு இங்கிலீசு மட்டுந்தான் விளங்கும்.

— அப்ப நான் இரி எண்டா நிக்குமாக்கும்.

— அதால சொல்றன், மத்ததையும் யோசி. சிவக்கொழுந்து டீச்சர்ட பொமரேனியன். சோறு, மீன் தல, என்ன போட்டாலும் தின்னுமாம். டீச்சர் திருக்கோவிலுக்கு மாற்றலாகிப் போறா. அங்க தங்குற வீட்டுல நாய்க்கி இடமில்லியாம். "ஸுலைஹாட கையில குடுத்தா எனக்கு நிம்மதி" எண்டு மனிசி அழுறா.

— நம்மட புள்ளைகளுக்கு எழுத்துக் காட்டித் தந்த மனிசி. அவக்கு இல்லெண்டு சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனா அந்த நாய்ட சத்தம்! காகம் பறந்தாலும் குரைக்கும், ஓல விழுந்தாலும் குரைக்கும். சூறாவளிக்குப் பொறகு சும்மா காத்துக்கே குரைக்கிது.

— குரைக்கிற நல்லந்தான். ஆனா கள்ளன் ஒரு உத உட்டா கடலுக்குள்ள போய் விழும். அல்சேஷனெண்டா அப்பிடியில்ல. பல்லு எலும்பு வரைக்கும் இறங்கும். எனக்கு அதுதான் வேணும். அவன் நொண்டி நொண்டிப் போறத்த ஊரே பாக்கணும்.

— அப்பிடிச் சொல்லாதீங்க.

— ஏன் சொல்லக்கூடா? கள்ளனுக்கு நீ என்ன பாவம் பாக்கிற?

— தேத்தண்ணி ஆறுது. குடிங்க.

— நாளைக்கி அல்சேஷனக் கொண்டு வாறன். கத முடிஞ்சி.

— கொண்டு வராதீங்க. அல்லாவுக்காகக் கேக்கிறன்.

— இஞ்ச பாரு. எதுக்கு இப்ப அழுற? நாய்க்கு இவ்வளவு பயமா?

— நாய்க்கி எனக்கென்ன பயம்? அது கடிக்கப்போற கால் ஆர்ட எண்டு எனக்குத் தெரியும்.

— என்ன? ஆளக் கண்டயா நீ?

— கண்டன். முதல் ஆடு போன அண்டைக்கி. நீங்க பள்ளிக்குப் போன கையோட நான் தொழுகைக்கி ஒழு எடுக்கக் கிணத்தடிக்கி வந்தன். வேலி விழுந்த பக்கத்தால ஒரு ஆள் ஆட்டத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறார். சத்தம் போட வாயத் திறந்தன். திரும்பிப் பாத்தார். உங்கட கூடப் பொறந்த காக்கா.

— மீராமுகைதீன் காக்காவா? உனக்கென்ன பைத்தியமா? அடுத்தவன்ட தேங்கா வளவுக்குள்ள விழுந்தாலும் கொண்டு போய்க் குடுக்கிற மனிசன் அவர்.

— ஓம். எனக்கும் தெரியும்.

— சரியா விடியாத நேரம். வேற ஆரையும் கண்டிருப்பாய்.

— பதினாலு வருசமா சோறு வெச்சிக் குடுத்த முகம். அதுக்கு வெளிச்சம் வேணுமா?

— மறுகா?

— அவர் ஆட்டக் கீழ இறக்கப் பாத்தார். நான் முகத்தத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துட்டன். கொண்டு போகட்டும் எண்டுதான்.

— எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் இல்லெண்டா சொல்லுவன்?

— சூறாவளியில தோணியும் போய், வலையும் போய் இரிக்கிறார். கரைவல இழுக்கிற அத்தின பேருக்கும் சோறு போட்ட மனிசன், தம்பிட வாசல்ல வந்து என்னெண்டு கேக்கிற? நீங்களும் போய்ப் பாக்கல்ல. காக்கா சமாளிப்பார், காக்கா சமாளிப்பார் எண்டு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நானும் கேட்டுக்கிட்டே இருந்தன்.

— முந்தாநாள் சந்தையில அவரக் கண்டன் புள்ள. ஆடு போன கதையச் சொன்னன். என்ட கையப் புடிச்சிக்கிட்டு நிண்டார். எனக்காகக் கவலப்படுறார் எண்டு நான் நினைச்சன்.

— குடிங்க. பச்சத் தண்ணியாப் போச்சி.

— வேணாம். ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?

— சொன்னா அவர்ட முகத்த நீங்க பழைய மாதிரிப் பாக்கமாட்டீங்க. அது அவருக்குத் தோணி போனதையும் விடப் பெரிய இழப்பு.

— சரி. அல்சேஷன் வேணாம். இஞ்சினியர் ஐயாக்கிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்றன். டீச்சர்ட குட்டிய எடுப்பம். குரைச்சாலும் அது ஆரையும் கடியாது.

— ம்.

— ஆனா ஒண்டு எனக்கு ஆறல்ல. பசிக்கி ஒரு தரம் எடுத்தார், அத நான் மன்னிச்சிருவன். மறு கிழமையும் வந்தாரே. அதுவும் அந்தக் கறுத்த ஆடு. நம்மட கடைக்குட்டிக்கிப் பால் குடுக்கிற ஆடெண்டு அவருக்குத் தெரியாதா? ரெண்டாம் தரமும் வந்தவன் கள்ளன்தான். என்ட காக்காவா இருந்தாலும் கள்ளன்தான்.

— ரெண்டாம் தரம் அவர் வரல்ல.

— அப்ப?

— அவர்ட சின்னவள் நெருப்புக் காய்ச்சல்ல கிடக்கிறாள், பாலத் தவிர ஒண்டும் இறங்குதில்ல எண்டு கேள்விப்பட்டன். அந்தக் கறுத்த ஆட்ட நான்தான் அவிட்டுக்கிட்டுப் போய், ஆரும் ஒழும்ப முந்தி அவங்கட வாசல்ல கட்டிட்டு வந்தன்.