என் தம்பி நடக்கும் படச்சுருள்

மன்றத் தலைவர் வில்பர்ட் எட்ஜ்வாட்டர் அவர்களே! தொப்பியை மடியில் வைத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையரே! என் தாய்க்குலத்தாரே, தந்தைக்குலத்தாரே! நவஹோ மண்ணின் மக்களே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

என்ன பெரியவரே? "சுருக்கமாப் பேசு தாயி, கறிக்குழம்பு ஆறுது" என்கிறீர்களா? ஆறட்டும் ஐயா! என் வயிற்றெரிச்சல் ஆறவில்லையே!

மக்கள் வாழ்வைப் படமெடுத்து ஆராயும் பேராசிரியர் ஒருவர் இங்கே வந்தார். "உங்கள் வாழ்வை நீங்களே காட்டுங்கள்" என்று காமிராவை என் கையில் கொடுத்தார். படச்சுருளையோ தன் கையில் வைத்துக்கொண்டார்!

எதை எடுத்தேன்? என் தம்பி ஊற்றுக்கு ஆடு ஓட்டிப் போவதை எடுத்தேன். நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். "நடையைக் குறை, முகத்தைக் காட்டு" என்றார் பேராசிரியர். தம்பி சிரித்தான். "ஏக்கா, ஒருத்தன் மூஞ்சியையே முறைச்சுப் பாக்க அந்தாளுக்கு வெக்கமா இல்ல?"

அந்தப் பனிக்காலத்திலேயே வண்டி சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். போனவரைப் பெயர் சொல்லி அழைக்கலாகாது, உருவத்தைப் பார்க்கலாகாது. உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

ஆனால் அந்தப் பேராசிரியரின் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அவனைத் திரையில் நடக்கவிடுகிறது! முன்பின் அறியாதவர்கள் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள்! இது படிப்பா? பண்பா? பாவமில்லையா?

போன மாதம் அந்தப் படத்தின் பிரதி ஒன்று அனுப்பினார்கள். அப்பன் போனபோது கைக்குழந்தையாய் இருந்த தம்பி மகள் டெஸ்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா எப்படி நடப்பாருன்னாச்சும் பாக்கணும் அத்தை."

அவள் தாய் ஆர்லீன் எழுந்து கதவருகே போனாள். பிறகு சொன்னாள்: "நீ பாரும்மா. நான் வெளிய நிக்கிறேன். பாத்துட்டு வந்து எங்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிராத."

கதவுக்கு வெளியே பனியில் நின்றாள் ஆர்லீன். உள்ளே படத்தை ஓட்ட விளக்கை அணைத்தேன். டெஸ்பா எழுந்து விளக்கைப் போட்டாள்.

"அம்மா அங்க நின்னு நடுங்குது. நான் எப்படி அத்தை இங்க உக்காந்து பாக்கறது?"

அழுதேன் ஐயா! அழுதுகொண்டே படப்பெட்டியை மூடினேன்.

தலைவரே! அந்தப் படத்தை இனி எங்கும் திரையிடக் கூடாது, மூலச்சுருள் நம்மிடம் வர வேண்டும் என்று இந்த மன்றம் தீர்மானம் போடட்டும்! சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். அதோ, கடைசி வரிசையில் டெஸ்பாதான் முதலில் தூக்குகிறாள்.

பெற்ற மகளே பார்க்காத அவனை, இனி எவரும் பார்க்க வேண்டாம்! பசியோடு பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.