கிரெனாஷுக்குச் சேராத மீன் குழம்பு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கோவளம் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் திடீரென்று சீறினார்.

"ஒரு குப்பி வைனுக்காக என் மீன் கொழம்ப வெளம்பக் கூடாதுங்கான், டே!"

பக்கத்திலிருந்த இளைஞர் பேப்பரை மடித்தார். "யாரு அண்ணாச்சி?"

"எங்க ஓட்டலுக்குப் புதுசா வந்த மேனேஜரு. நேத்து வெள்ளக்கார சாயிப்புமாருக்கு விருந்து. கிரெனாஷ்னு ஒரு செவப்பு வைன். அதுல ஸ்ட்ராபெரி ருசி இருக்காம், நல்லமிளகு வாசம் இருக்காம். கொழம்புல மொளகா வத்தல் கூடுனா வைனு தொண்டைய எரிக்குமாம். ஆட்டெறச்சிய நல்லமிளகு போட்டு வறுத்தாதான் சேருமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதினெட்டு வருசமா இந்த அடுப்புல நிக்கேன். முந்தின நாளே வச்சு, புளி எறங்கி, மறுநாள் வெளம்புற கொழம்பு. ஒருத்தனும் கொற சொன்னதில்ல, நீ வைன மாத்துன்னேன். எல்லாரு முன்னாலயும் சிரிச்சிட்டான், கேட்டியா."

"வெவரம் இல்லாதவன். விடுங்க அண்ணாச்சி."

"விடவா? விருந்து முடிஞ்ச ஒடனே, மிச்சம் கெடந்த வைன அடுக்களைக்கு எடுத்துட்டுப் போனேன். என் கொழம்புல ஒரு வாய் தின்னு, மேல வைன ஊத்துனேன்."

"எப்படி இருந்தது?"

"தொண்டை முழுக்கத் தீ. பொறவு அவன் சொன்ன எறச்சில ஒரு துண்டு தின்னுட்டுக் குடிச்சேன்."

பஸ் நகர்ந்தது. அவர் ஜன்னல் கம்பியை ஓங்கி அடித்தார்.

"சேருது டே! நாசமா போறவன் சொன்னது சரியாட்டுல்லா இருக்கு!"