அம்மன் பேரில் பத்திரம்

அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ். என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளின் புருஷன் மேலத்தெருக் கோயில் கமிட்டித் தலைவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“அம்மன் ஆளே இல்லயாம்க்கா. தபால் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

“என்னடி சொல்ற?”

“அம்மன் பேர்ல சேமிப்புப் பத்திரம் வாங்கினாருல்ல இவரு. அத ஆளுங்க பேர்லதான் வாங்கணுமாம். கோயிலு, சங்கம்லாம் வாங்கக் கூடாதாம். அப்ப தெரியாம குடுத்துட்டாங்களாம். போட்ட பணம் மட்டுந்தான் வரும், வட்டி கெடையாதுன்றாங்க. அந்த வட்டியிலதான் தேருக்குச் சக்கரம் மாத்துறதா இருந்துது.”

“கீழத்தெருவுக்கு வட்டி வந்துச்சாமே?”

“வராம? அவங்க தலைவரு பொண்டாட்டி மரகதம் பேர்லதான வாங்கினாரு. அவ போயி கையெழுத்துப் போட்டு வாங்கியாந்து கோயிலுக்குக் குடுத்தா. இப்ப திருவிழாவுல மொதத் தட்டு அவளுக்குத்தான். பட்டுப் பொடவையில நிக்கிறா.”

“அதுக்கு அவளை ஏன்டி திட்டுற?”

“என் பேர்ல வாங்குன்னு நானுந்தான் சொன்னேன். ஊர்ப் பணத்த நகைக்கடைக்கு எடுத்துனு போயிடுவேன்னு சிரிச்சாரு.”

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது.

“வட்டி போனா போவுதுக்கா. அந்தாளு பொண்டாட்டிய நம்பினாரு. இவரு அம்மனை நம்பினாரு.”

“அம்மன் மேலயுமா பொறாமை?”

“ஆளே இல்லாதவ மேல என்னக்கா பொறாமை” என்றாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.